கைபேசியின் ஐந்து தலைமுறைகள்

ஊருக்குச் செய்தி சொல்லும் வேலை நம் முன்னோர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. ஊரில் ஒருவர் இறந்தால், உறவினர் வாழும் ஊர்தோறும் இரவென்றும் பகலென்றும் பாராது நடந்து சென்று இழவு சொல்லி வந்தவர் நம்மவர். சர்க்கார் உத்தரவு, வரி வசூல், ஏலம், ஏரி மடை திறக்கும் நாள் ஆகியவற்றைத் தெருத்தெருவாகப் பறையறைந்து அறிவித்தவரும் நம்மவரே. இதற்கெனக் கிடைத்தது களத்துமேட்டில் அளந்து போடப்படும் சில படி நெல். அதுவும் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. இவ்வழக்கத்தின் எச்சமாக நின்ற தண்டோரா முறையைக் கைவிடும்படி தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் புதுதில்லியில் ஐந்தாம் தலைமுறைக் கைபேசிச் சேவை தொடங்கி வைக்கப்பெற்றது. பறைக்கும் ஐந்தாம் தலைமுறைக்கும் நம் நாட்டில் இடைவெளி இரண்டே மாதங்கள்தாம்!

செய்தியைச் சுமந்தவருக்குத் தம் வீட்டுச் செய்தி எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையும் ஈண்டுக் கருதுதல் வேண்டும். 1980-களில் ஒரு சிற்றூரில் தொலைபேசி என்பது அஞ்சலகத்திலோ, அரிசி ஆலையிலோ, பெருந்தனக்காரர் ஒருவர் வீட்டிலோ இருக்கும். பட்டணத்துக்கு வேலைக்குச் சென்ற மகன் அவ்வீட்டின் எண்ணைத் தன் எண்ணாகக் குறித்துக் கொள்வான். பி.பி. எண் என்று அதற்குப் பெயர். அவன் பேசினால், அந்த வீட்டார் மனம் வைத்து ஆள் அனுப்ப வேண்டும். தாய் ஓடி வருவாள். திண்ணைக்குக் கீழே நின்று, சன்னல் வழியே நீட்டப்படும் கருவியைக் கூச்சத்துடன் பற்றிக்கொண்டு, வீட்டார் காதில் விழத் தக்கவற்றை மட்டும் பேசிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்புவாள். இக்காட்சியைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே பலர் உளர். பின்னர் மஞ்சள் பலகை தாங்கிய எஸ்.டி.டி. கூண்டுகள் வந்தன. காசு கொடுத்தால் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது. எனினும் அவை பெரும்பாலும் கடைத்தெருவிலும் பேருந்து நிலையத்திலுமே இருந்தன.

கைபேசி இந்நிலையை மாற்றியது. ஆயினும் அது ஒரே நாளில் வந்த பொருள் அன்று. முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என இன்று ஐந்து வரை எண்ணுகிறோம். புதியது வரும்போது அதன் வேகத்தைப் பற்றி விளம்பரங்கள் பேசுகின்றன. பழையது எப்போது நிறுத்தப்படுகிறது, அதனோடு யார் நின்றுபோகின்றனர் என்பதைப் பற்றிப் பேசுவார் குறைவு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வட்டாரங்களாகப் பிரிந்த வானம்

கம்பியில்லாத் தொலைபேசி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1946-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மோட்டார் வண்டிகளில் பொருத்தப்பட்டது. ஏறத்தாழ 36 கிலோ எடையுள்ள கருவி அது. நகரத்துக்கு நடுவே ஓர் உயர்ந்த கோபுரம். அதிலிருந்து ஊர் முழுவதற்கும் ஒலிபரப்பு. இதில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. வானொலி அலைகளுக்கு ஒதுக்கப்படும் இடம் அளவானது. ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அந்நகரத்தில் வேறொருவர் அதே வரிசையில் பேச இயலாது. ஆகவே விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே ஒரு நேரத்தில் பேச முடிந்தது.

இதற்கு விடை கண்டவர்கள் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர்கள். டக்ளஸ் ரிங் என்பவர் 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதிய குறிப்பொன்றில் அவ்விடை காணப்படுகிறது. அதை விளக்க நம் பறையையே எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஊரில் அறையும் பறை அடுத்த ஊருக்குக் கேட்கக்கூடும். அதற்கும் அப்பால் நான்காம் ஊருக்குக் கேளாது. ஆதலால் முதல் ஊரிலும் நான்காம் ஊரிலும் ஒரே நேரத்தில் ஒரே அடியை அடித்தாலும் குழப்பம் நேராது. அதுபோலவே ஒரு பெரிய கோபுரத்துக்குப் பதிலாகப் பல சிறிய கோபுரங்களை நட்டு, நிலப்பரப்பைத் தேன்கூட்டின் அறைகளைப்போல் சிறு வட்டாரங்களாகப் பிரித்தால், ஒரே அலைவரிசையைத் தொலைவிலுள்ள வட்டாரங்களில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். அறை என்பதற்கான ஆங்கிலச் சொல்லாகிய 'செல்' என்பதே செல்போனுக்குப் பெயராயிற்று. பேசுபவர் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு நகரும்போது பேச்சு அறுபடாமல் அடுத்த கோபுரத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குக் கணிப்பொறி தேவைப்பட்டது. எண்ணம் பிறந்தது 1947-இல். நடைமுறைக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் மோட்டோரோலா நிறுவனத்தின் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் நகரத் தெருவில் நின்று கையடக்கத் தொலைபேசியில் பேசினார். அழைத்தது யாரைத் தெரியுமா? போட்டி நிறுவனமாகிய பெல் ஆய்வுக்கூடத்தின் பொறியாளரை! வாணிகம் என்ற முறையில் செல்லிடப்பேசி வலையை முதலில் நிறுவிய நகரம் டோக்கியோ, ஆண்டு 1979. பின்னர் 1981-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளும், 1983-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரமும் தொடர்ந்தன. இவையே முதல் தலைமுறை. 1983-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற கைக்கருவியின் விலை 3,995 டாலர். எடை முக்கால் கிலோவுக்கு மேல். அரைமணி நேரம் பேசுவதற்குப் பத்து மணி நேரம் மின்னேற்ற வேண்டும்.

முதல் தலைமுறையில் குரல் குரலாகவே, அலையின் ஏற்ற இறக்கமாகவே சென்றது. எண்களாக மாற்றப்படவில்லை. தக்க வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் எவரும் பிறர் பேச்சை ஒட்டுக்கேட்க முடிந்தது. ஓர் அழைப்புக்கு ஓர் அலைவரிசை முழுவதும் செலவாயிற்று. ஒரு நாட்டுக் கருவி பெரும்பாலும் மறுநாட்டில் இயங்காது. பணக்காரர் மோட்டார் வண்டியின் அணிகலனாகவே அத்தலைமுறை முடிந்தது. இந்தியப் பொதுமக்களிடையே அது பரவவே இல்லை. நாம் நேரே இரண்டாம் தலைமுறையில்தான் காலடி வைத்தோம். ஒருவகையில் அது நமக்கு நன்மையாயிற்று.

இரண்டாம் தலைமுறை

ஐந்தனுள் மனித வாழ்வை மிகுதியும் மாற்றியது எது என்று என்னைக் கேட்டால், இரண்டாம் தலைமுறை என்றே சொல்வேன். வேகத்தில் அது மிகத் தாழ்ந்தது. ஆனால் ஏழையின் கைக்கு வந்த முதல் தலைமுறை அதுவே.

ஐரோப்பிய நாடுகள் தம்முள் பொதுவானதொரு முறையை வகுக்க 1982-இல் ஒரு குழுவை அமைத்தன. 1987 செப்டம்பரில் 13 நாடுகள் கோபன்ஹேகன் நகரில் உடன்படிக்கை செய்துகொண்டன. ஜி.எஸ்.எம். எனப்படும் அம்முறையின் முதல் அழைப்பை 1991 ஜூலை முதல் நாள் பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி பேசினார். இதில் குரல் எண்களாக மாற்றப்படுகிறது. எண்களாகிவிட்ட பேச்சை நறுக்கிச் சிறு பொட்டலங்களாகக் கட்டலாம். எட்டுப் பேர் ஒரே அலைவரிசையில், ஆளுக்கொரு முறையாக, ஒரு நொடிக்கு ஏறத்தாழ 217 தடவை மாறி மாறிப் பேசுகின்றனர். அத்துணை விரைவாக முறை மாறுவதால், தனக்கே தனி வழி இருப்பதாக ஒவ்வொருவரும் உணர்கின்றனர். ஒரு கிணற்றில் எட்டுக் குடும்பம் முறைவைத்து நீர் எடுப்பதை ஒத்தது இது. (கிணற்றைப் பகிர்ந்துகொள்ள ஊரார் மறுத்த காலத்தை அறிந்தவர்களுக்கு இவ்வுவமை வேறு நினைவுகளையும் தரலாம்.) பேச்சு இரகசியக் குறியீடாக்கப்படுவதால் முன்போல் எளிதில் ஒட்டுக்கேட்கவும் இயலாது. சன்னலுக்கு அப்பால் நின்று கேட்பவர் இல்லாமல் பேசும் உரிமை நம் தாய்மார்களுக்கு இத்தலைமுறையோடு வந்தது.

சிம் என்னும் சிறு அட்டையும் இதனோடு பிறந்ததே. கருவி வேறு, எண் வேறு என்று பிரித்த சூழ்ச்சி அது. பழைய கருவியை எவரிடமேனும் வாங்கி, தன் அட்டையைச் செருகினால் தன் எண் தன்னிடம். இரண்டாம் கை கருவிகளின் சந்தையை உண்டாக்கியது இவ்வட்டை என்றால் மிகையாகாது.

இந்தியாவில் 1995 ஜூலை 31-ஆம் நாள் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த தகவல்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் கைபேசியில் பேசினார். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கே முதலில் உரிமங்கள் வழங்கப்பெற்றிருந்தன. கட்டணத்தைக் கேட்டால் இன்றைய இளைஞர் நகைப்பர். நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை! அழைப்பவர் மட்டுமன்றி, அழைக்கப்படுபவரும் பணம் கட்ட வேண்டும். அக்காலத்தில் நடவுக்குச் சென்ற பெண்ணின் ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி ஒரு நிமிடப் பேச்சில் கரைந்துவிடும். 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை நிறுவனங்களின் உரிமக் கட்டண முறையை மாற்றியது, போட்டி பெருகியது, 2002-இல் பி.எஸ்.என்.எல். கைபேசிச் சேவையில் இறங்கியது. 2003 மே மாதம் முதல் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. இந்தக் கடைசி மாற்றமே நம் தெருக்களின் கதவைத் திறந்தது எனலாம். பத்து ரூபாய் இருப்புக்கூட இல்லாதவரும் எண் ஒன்றை வைத்துக்கொண்டு வேலைக்கு வரச்சொல்லும் அழைப்புக்காகக் காத்திருக்க முடிந்தது. கொத்தனாரும் சித்தாளும் பெயின்டரும் மேஸ்திரியின் வீட்டு வாசலில் காலையில் போய் நிற்க வேண்டிய தேவை குறைந்தது.

'மிஸ்டு கால்' என்னும் கலையையும் இக்காலத்தில் நம் மக்களே வளர்த்தனர். ஒருமுறை மணி அடித்து நின்றால் பேருந்து ஏறிவிட்டேன் என்று பொருள். இருமுறை அடித்தால் திரும்ப அழை என்று பொருள். ஒரு காசும் செலவழிக்காமல் தந்தி அடிக்கும் வழி அது. உண்மைத் தந்தியோ 2013 ஜூலையில் நாட்டிலிருந்து விடைபெற்றது.

குறுஞ்செய்தியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் கணிப்பொறியிலிருந்து ஒரு கைபேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதுவே முதல் குறுஞ்செய்தி. ஒரு செய்திக்கு 160 எழுத்து என்பது விதி. இவ்விதி ஆங்கிலத்துக்கு! தமிழில் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் இருமடங்குக்கு மேல் இடம் வேண்டியிருப்பதால் எல்லை 70 ஆகச் சுருங்கிவிடும். அதிலும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். 'வணக்கம்' என்பது நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. கருவியின் கணக்கில் ஏழு. ஆக, ஆங்கிலத்தில் ஒரு கட்டணத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல இரண்டு மூன்று கட்டணம் ஆயிற்று. பல கருவிகளில் தமிழெழுத்தே தோன்றாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கம் இளைஞரிடம் வேரூன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆங்கிலம் கல்லாத பெற்றோர்க்கு அச்செய்திகள் வெறும் ஒலி மட்டுமே. மொழிப்பற்று இல்லை என்று இளைஞரைக் கடிந்துகொள்ளும் நம் மேடைப் பேச்சாளர்கள் இக்கணக்கையும் அறிந்துகொள்வது நல்லது.

2009-ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் நொடிக்கு ஒரு பைசா என்ற கட்டணத்தை அறிவித்தது, பிறவும் பின்பற்றின. அந்த விளம்பரத்தைக் கண்டபோது எனக்கு 1907-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு பண்டிதர் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து தம் வார இதழைத் தொடங்கியபோது அதற்கு இட்ட பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. செய்தியின் விலை ஏழையின் கைக்கு எட்ட வேண்டும் என்பதை இதழின் பெயரிலேயே பொறித்தவர் அவர்.

இரண்டாம் தலைமுறை என்றவுடன் அலைக்கற்றை வழக்கையே பலர் நினைப்பர். 2008-இல் வழங்கப்பட்ட 122 உரிமங்களை உச்சநீதிமன்றம் 2012 பிப்ரவரியில் ரத்து செய்ததும், குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் சிறப்பு நீதிமன்றம் 2017 டிசம்பர் 21-இல் விடுவித்ததும் யாவரும் அறிந்தவை. ஒரு தொழில்நுட்பத்தின் பெயர் ஊர்தோறும் ஒரு வழக்கின் பெயராகவே வழங்கியது விந்தையே.

மூன்றும் நான்கும்

மூன்றாம் தலைமுறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2001 அக்டோபரில் ஜப்பானில் தொடங்கியது. இந்தியாவில் 2008 டிசம்பரில் தில்லியில் அரசு நிறுவனம் தொடங்கி வைத்தது. 2010-இல் நடந்த ஏலத்தில் தனியார் நிறுவனங்கள் ஏறத்தாழ 50,968 கோடி ரூபாய் கொடுத்து அலைக்கற்றையைப் பெற்றன. பேச்சோடு படமும் இணையமும் கைபேசிக்கு வந்தன. ஆனால் கொடுத்த பணத்தை மீட்க நிறுவனங்கள் விதித்த கட்டணம் நம்மவர்க்கு எட்டவில்லை. நகரத்தார் படம் பார்த்துப் பேசினர். நாம் குரல் கேட்டுப் பேசினோம்.

நான்காம் தலைமுறை 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ நகரங்களிலும், 2012 ஏப்ரலில் கல்கத்தாவிலும் தொடங்கியது. இதன் உட்பொருள் வேகம் மட்டுமன்று. இரண்டாம் மூன்றாம் தலைமுறைகளில் பேச்சுக்கென ஒரு தனிப் பாதை அழைப்பு முடியும்வரை ஒதுக்கி வைக்கப்பட்டது. நான்காம் தலைமுறையில் அப்பாதையே இல்லை. பேச்சு, படம், கடிதம் யாவும் ஒரேவகைப் பொட்டலங்களாகக் கட்டப்பட்டு ஒரே பாதையில் செல்கின்றன. ஆகவே பேச்சுக்குத் தனி விலை என்பது பொருளற்றுப் போயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் பழைய தலைமுறைகளை அடியோடு விட்டுவிட்டு நான்காம் தலைமுறை மட்டுமே கொண்டு களமிறங்கிப் பேச்சை இலவசம் என்று அறிவிக்க முடிந்ததற்கு இதுவே அடிப்படை. 2014-இல் ஒரு ஜி.பி. தரவின் சராசரி விலை ஏறத்தாழ 269 ரூபாய். 2018-இல் 12 ரூபாய்க்கும் கீழ்.

தலைமுறைகளின் வேறுபாட்டை மாணவர்க்குக் கணக்காகவே சொல்லிக் காட்டுவது என் வழக்கம். 40 எம்.பி. அளவுள்ள ஒரு பாடப் படம் இருப்பதாகக் கொள்வோம். இரண்டாம் தலைமுறை தொடங்கிய காலத்து வேகத்தில், அதாவது நொடிக்கு 9.6 கிலோபிட் வீதம், அதை இறக்க ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகும். மூன்றாம் தலைமுறைக்கு வகுக்கப்பட்ட 384 கிலோபிட் வேகத்தில் ஏறத்தாழ 14 நிமிடம். நான்காம் தலைமுறையில் 10 மெகாபிட் கிடைத்தால் 32 நொடி. ஐந்தாம் தலைமுறையில் 100 மெகாபிட் கிடைத்தால் மூன்று நொடி. கிடைத்தால் என்ற சொல்லை இரண்டு இடங்களில் வேண்டுமென்றே இட்டிருக்கிறேன்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது அச்சொல்லின் பொருள் விளங்கிற்று. 2017-18-ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் இணைய வசதி உடையவை 14.9 விழுக்காடே. வீட்டில் ஒரே கைபேசி. அதைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். பகலில் நடந்த பாடத்தைப் பிள்ளைகள் இரவில் பார்க்க வேண்டும். அண்ணன் பார்த்து முடித்தபின் தங்கைக்கு. தரவு தீர்ந்துவிட்டால் அன்றைய பாடம் தங்கைக்கு இல்லை. அலை கிடைக்காமல் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் படிக்கட்டில் ஏறி அமர்ந்து படித்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். 2019-இல் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி இல்லாதிருந்தால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும். நான்காம் தலைமுறை வந்துவிட்ட நாட்டில், அவ்வீடுகளில் உண்மையில் வாழ்ந்தது இரண்டாம் தலைமுறையே.

ஐந்தாம் தலைமுறையும் தொலைவும்

தென்கொரியா 2019 ஏப்ரலில் ஐந்தாம் தலைமுறையைத் தொடங்கியது. இந்தியாவில் 2022-இல் நடந்த அலைக்கற்றை ஏலத்தின் மதிப்பு 1,50,173 கோடி ரூபாய். நான்காம் தலைமுறைக்கு வகுத்த உச்ச வேகம் நொடிக்கு 1 ஜிகாபிட் என்றால், ஐந்துக்கு வகுத்தது 20. கருவி கேட்கும் கேள்விக்கு விடை வரும் காலத்தை ஆயிரத்தில் ஒரு நொடியாகக் குறைப்பதும் அதன் குறிக்கோள்.

இங்கே இயற்கையின் விதியொன்று குறுக்கிடுகிறது. அதிர்வெண் குறைந்த அலை நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். அதிர்வெண் மிகுந்த அலை நிறையச் சுமக்கும். ஆனால் சிறிது தொலைவே செல்லும். தமுக்கின் ஓசை தொலைவு கேட்பதையும், சலங்கையின் ஓசை அருகிலேயே அடங்குவதையும் போன்றது. இரண்டாம் தலைமுறை பெரும்பாலும் 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் பயணம் செய்தது. ஐந்தாம் தலைமுறையின் முதன்மை அலை 3,300 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும். 26,000 மெகாஹெர்ட்ஸ் அலையோ ஒரு தெருவைக் கடப்பதற்கே இடர்ப்படும். 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகளும் ஐந்தாம் தலைமுறையில் உண்டு. எனினும் பேசப்படும் பெருவேகம் அவற்றில் கிட்டாது.

ஆகவே புதிய தலைமுறையின் முழுப்பயன் வேண்டுமானால் கோபுரங்கள் நெருக்கமாக நிற்க வேண்டும். கோபுரம் எங்கே நிற்கும்? வாடகைக்கு இடம் தரத்தக்க மனையோ மாடியோ உள்ளவரிடத்தில். மாதந்தோறும் பணம் கட்டுவோர் செறிந்துள்ள இடத்தில். ஊர் ஓரிடம், சேரி அரை மைல் அப்பால் என்று நம் மூதாதையர் ஒதுக்கி வைக்கப்பட்டனர் அல்லவா? அந்த அரை மைலைத் தாழ்ந்த அதிர்வெண் அலை பொருட்படுத்தவில்லை; ஊர்க்கோபுரத்திலிருந்து வந்த இரண்டாம் தலைமுறை அலை நம் குடிசைக்குள்ளும் புகுந்தது. உயர்ந்த அதிர்வெண் அலைக்கு அந்த அரை மைல் பொருட்டாகிவிடுகிறது. அலைக்குச் சாதி தெரியாது. தொலைவு அதற்குத் தெரியும். அந்தத் தொலைவை அளந்து வைத்தது சாதி.

பழையதன் ஆயுள்

புதியதற்கு இடம் வேண்டிப் பழையதை நிறுத்துவது உலகெங்கும் நடைபெறுகிறது. அமெரிக்காவில் முதல் தலைமுறையை நடத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் 2008 பிப்ரவரியில் நீங்கியது. ஜப்பான் 2012-இலும், சிங்கப்பூர் 2017-இலும் இரண்டாம் தலைமுறையை மூடின. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் மூன்றாம் தலைமுறையை மூடியபோது ஒரு சிக்கல் எழுந்தது. நான்காம் தலைமுறைக் கருவிகளிலேயே சில, அவசர உதவி எண்ணை அழைக்கும்போது மட்டும் மூன்றாம் தலைமுறையைப் பயன்படுத்துவனவாக இருந்தன. அன்றாடம் நன்றாகப் பேசிய கருவி ஆபத்து வேளையில் ஊமையாகிவிடும் என்பதால் அவற்றை வலையிலிருந்தே விலக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் நடந்தது வேறு. ஏர்டெல் நிறுவனம் 2020-இல் மூன்றாம் தலைமுறையை மூடிவிட்டு, அதற்கும் மூத்த இரண்டாம் தலைமுறையை வைத்துக்கொண்டது. ஜெர்மனியிலும் 2021-இல் இவ்வாறே நிகழ்ந்தது. பாட்டன் இருக்கத் தந்தை போய்விட்டான். மூன்றாம் தலைமுறை செய்த வேலையை நான்காம் தலைமுறை மலிவாகச் செய்துவிட்டது; இரண்டாம் தலைமுறையின் பொத்தான் கைபேசியை மட்டும் விலையில் வெல்ல எதனாலும் இயலவில்லை. ஏறத்தாழ 15 கோடிப் பேர் இன்னும் இரண்டாம் தலைமுறையில் இருப்பதாக 2024-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் குறிப்பிட்டது. தமக்கு வேண்டாத தரவுக்கும் சேர்த்து அவர்கள் பணம் கட்ட வேண்டியிருந்ததால், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று அவ்வாண்டு டிசம்பரில் அது ஆணையிட்டது. இத்திட்டம் இருப்பதை நம் முதியோர்க்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும். கடைக்காரர் தாமாகச் சொல்வது அரிது.

இன்று கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது முதல் வங்கிக் கணக்குவரை ஒருமுறைக் கடவெண் கேட்கிறது. அது வருவது குறுஞ்செய்தியில். பொத்தான் கைபேசிக்கும் அது வரும். ஆனால் 90 நாள் பயன்படுத்தாமலும் இருப்பின்றியும் விட்ட எண் முடக்கப்பட்டு, பின்னர் வேறொருவர்க்குப் போய்விடலாம். ஆதாரோடு இணைத்த எண்ணை இவ்வாறு இழந்து, உதவித்தொகை நிலுவையில் நிற்க அலைந்த மாணவரை ஆண்டுதோறும் காண்கிறோம். வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண் 14566 என்பது 2021 டிசம்பரில் தொடங்கப்பெற்றது. அதற்கும் ஐந்தாம் தலைமுறை தேவையில்லை. எந்தப் பழங்கருவியிலிருந்தும் அழைக்கலாம்.

2022 ஜூலையில் மத்திய அரசு, கைபேசித் தொடர்பில்லாத 24,680 சிற்றூர்களுக்கு நான்காம் தலைமுறையைக் கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாய் ஒதுக்கிப் பி.எஸ்.என்.எல்.-இடம் பணியை ஒப்படைத்தது. உள்நாட்டிலேயே உருவாக்கிய கருவிகளைக் கொண்டு அந்நிறுவனத்தின் நான்காம் தலைமுறை 2025 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பெற்றது. நாட்டின் ஏறத்தாழ 6,44,000 கிராமங்களுள் 6,22,000-க்கும் மேற்பட்டவற்றில் கைபேசித் தொடர்பு உண்டு என்று 2024-இல் அரசு கணக்குக் காட்டியது. இக்கணக்கு கிராமத்தை ஒரே அலகாகக் கொண்டது. கோயில் தெருவில் அலை கிடைத்துக் காலனியில் கிடைக்காவிட்டாலும் கிராமம் ஒன்றே, கணக்கும் ஒன்றே.

இதைத் தெருவாரியாக அறிய இப்போது வழியுண்டு. எந்த இடத்தில் எந்தத் தலைமுறையின் அலை கிடைக்கும் என்பதைக் காட்டும் வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று ஆணையம் விதித்துள்ளது. 2025 ஏப்ரலிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. கிடைக்கும் வேகத்தை அளந்து ஆணையத்துக்கே அனுப்ப 'மைஸ்பீடு' என்னும் செயலியும் உண்டு. நம் சங்கத்தின் இளைஞர்கள் ஊர்த்தெருவில் மூன்று இடங்களிலும், காலனியில் மூன்று இடங்களிலும், ஒரே நாளில் ஒரே நேரத்தில் அளந்து, நிறுவனத்தின் வரைபடத்தோடு ஒத்துப்பார்த்து, நாளும் நேரமும் குறித்த பட்டியலாக எழுதி அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் வைக்கலாம். அதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் போதும்.